தானாக நடந்ததல்ல

மே 27, திங்கள்

என் மனைவியின் கைப்பேசி எவருடைய அனுமதியும் இன்றித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலை காப்பிக்குப் பிறகு அதைக் கையில் எடுத்தபோது எழுத்துகள் பெருத்திருந்தன, படங்களின் மூலைகள் உருண்டிருந்தன, "உங்கள் சாதனம் இப்போது இன்னும் சிறப்பானது" என்றொரு வாசகம் நின்றது. சிறப்பாக்கச் சொன்னவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் திரையில் இடமில்லை. இருந்த ஒரே பொத்தான் 'சரி'.

செண்பகத்துக்குச் சென்ற அக்டோபரில் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, கால் பாதி தேறியது, பேச்சு போனது. பிறர் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில்தான் வாயில் உருவாவதில்லை. ஆகவே அவள் ஒரு செயலியின் வழியாகப் பேசுகிறாள். திரையில் பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். விரலை வைத்தால் ஒரு பெண்குரல் அதை வாசிக்கும். அந்தப் பதினாறு வாக்கியங்களையும் எழுதியவன் நான். செயலியை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுக்கு நான் எழுதிய மின்னஞ்சல்கள் பெறுநர் இல்லை என்று திரும்பி வருகின்றன.

இன்றைய 'சிறப்பு'க்குப் பின் பெண்குரல் ஊமையாகிவிட்டது. கட்டங்கள் இருந்தன, ஒலி இல்லை. பழைய குரல் கோப்பைத் தேடிப் பிடித்து மீண்டும் ஏற்றுவதற்குள் மதியம் ஆயிற்று. சோதனைக்காக 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதை அழுத்தினேன். ஒலித்தது. செண்பகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எரிவாயு உருளை வந்தது. மாவு அரைக்கவில்லை. இரவுக்குக் கடைத் தோசை.

மே 28, செவ்வாய்

இனி இது நிகழாதிருக்க வழி உண்டா என்று தேடினேன். உண்டு. ஆனால் ஒளித்துவைத்திருக்கிறார்கள். இது மிகையான சொல் அல்ல. அமைப்புகளுக்குள் சென்று, கைப்பேசியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்து, 'பதிப்பு எண்' என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். பார்ப்பதற்கு அது தட்டக்கூடிய வரியாகவே தெரியாது. நான் தட்டி நிறுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகம் இடக்கையை நீட்டி இரண்டு விரல்களைக் காட்டினாள். இன்னும் இரண்டு. தட்டினேன். "இப்போது நீங்கள் ஒரு டெவெலப்பர்" என்று அறிவிப்பு வந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன் ஆவதற்கு எனக்கு முதுகலைப் பட்டமும் துறைத் தேர்வுகளும் தேவைப்பட்டன.

அதன் பிறகு திறக்கும் நீண்ட பட்டியலின் நடுவே 'தானியங்கு முறைமைப் புதுப்பிப்புகள்' என்ற வரி. அகராதியை மட்டும் நம்பி ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு. அதன் ஓரத்தில் ஒரு சிறு விசை. அணைத்தேன். செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் வேறோர் இடத்தில் நிறுத்தினேன். கடவு எண்ணை மாற்றினேன். புதிய எண் எனக்கு மட்டுமே தெரியும்.

இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சாட்சிகள் சொன்னதை மொழிபெயர்த்து வருகிறேன். சொல்லாத ஒன்றை நான் சேர்த்ததில்லை. சொன்ன ஒன்றை விட்டதில்லை. கேட்காமல் ஒரு சொல்லை மாற்றினால் என் வேலை போய்விடும். கோடிக்கணக்கான கைப்பேசிகளில் கேட்காமல் கைவைப்பவர்களுக்குப் பதவி உயர்கிறது.

ஜூன் 1, சனி

பேச்சுப் பயிற்சிக்கு ஹெப்சிபா வந்தாள். நாகர்கோவில் பெண், முப்பது வயதிருக்கும். வாரம் ஒரு முறை வருகிறாள். உதடுகளைக் குவிக்கவும் காற்றை ஊதவும் செண்பகத்தைப் பழக்குகிறாள். இன்று பதினாறு கட்டங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்றதுக்கு எது சார்?"

"அதற்குத் தலையசைவு போதும். கட்டங்கள் பதினாறுதான்."

"தலைய ஆட்டினா, பாக்குற ஆளுக்குத்தான் சார் தெரியும். பாக்காம இருக்கவங்களுக்கு?"

அவள் விடவில்லை.

"'எனக்குப் பசியாக உள்ளது'ன்னு மதுரையில யாரு சார் சொல்றா? அம்மா அப்படியா பேசுவாங்க?"

இயந்திரக் குரல் பேச்சுவழக்கைச் சிதைத்து வாசிக்கும், எழுத்து வழக்கைப் பிழையின்றி வாசிக்கும் என்று விளக்கினேன். அவள் புதிய செயலி ஒன்றைப் பற்றிக் கூறினாள். அதில் மனிதக் குரலையே பதிவு செய்து வைக்கலாமாம். கட்டங்களுக்கு அளவில்லையாம். படமும் வைக்கலாமாம். ஆனால் இந்தக் கைப்பேசியின் முறைமையை இன்னொரு படி புதுப்பித்தால்தான் அது ஏறும்.

"புதுப்பித்தால் இது போய்விடும்," என்றேன்.

"போனா என்ன சார்?"

அவளை நான் அனுப்பிவைத்த விதத்தில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இங்கே ஒன்றைக் குறித்துவைக்கிறேன். செண்பகம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் அவள் போடும் அதட்டல் தெருமுனை வரை கேட்கும் என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். மெல்லப் பேசலாமே என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். செயலியின் ஒலி அளவு பாதியில் இருக்கிறது. அதற்கு மேல் வைத்தால் இரைச்சல் வருகிறது.

ஜூன் 3, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்தது. பகலில் செண்பகத்தின் தங்கை தனம் வந்து உடனிருப்பாள். இரண்டு தெரு தள்ளி வீடு. தையல் வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டாள். அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே குரல். திருமணமான புதிதில், தனத்திடம் தொலைபேசியில் கணவன் மனைவியிடம் பேசுவதைப் பேசிவிட்டு வெட்கப்பட்டிருக்கிறேன். அதை அவள் இன்னும் எல்லா விசேஷங்களிலும் சொல்லிச் சிரிக்கிறாள்.

"ஃபோன என்ன மச்சான், பூட்டி வச்சுட்டுப் போறீங்க? அக்கா எப்படித் தொறப்பா?"

"நான் காலையில் திறந்து கொடுத்துவிட்டுப் போவேன். திரை அணையாதபடி வைத்திருக்கிறேன்."

"பீரோவக்கூட நீங்க இப்படிப் பூட்டுனதில்ல."

ஜூன் 5, புதன்

ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம். செண்பகத்தின் மருத்துவக் காரணப் பணி ஓய்வு தொடர்பாக இருபத்தொன்றாம் தேதி நேரில் வர வேண்டும். சம்மதத்தை அவளே தெரிவிக்க வேண்டும். ஏப்ரலில் அனுப்பிய விண்ணப்பத்தை நான் எழுதினேன். அவளுடைய இடது பெருவிரல் ரேகை வைக்கப்பட்டது. அரிசி மூட்டையும் முட்டைக் கணக்குமாக அந்த வேலையை இனி அவளால் செய்ய இயலாது என்பது எவருக்கும் தெரிவது. வாய் பேசாத ஒருத்தியைப் பிள்ளைகள் எப்படி நடத்துவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பதினாறில் ஒன்றை நீக்க வேண்டியிருந்தது. 'தொலைக்காட்சியைப் போடுங்கள்' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'எனக்குப் பணி ஓய்வு பெறச் சம்மதம்' என்று எழுதினேன். இருமுறை ஒலிக்கச் செய்து காட்டினேன். உச்சரிப்பு திருத்தமாக இருந்தது.

செண்பகம் கைப்பேசியை வாங்கி 'மிக்க நன்றி' என்பதை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். பிறகு நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். மிக்க நன்றி, மிக்க நன்றி, மிக்க நன்றி. தொடுதிரை எங்கோ சிக்கிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். பார்க்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிகள் திறந்தன. குளித்துவிட்டு வந்தபோது செண்பகம் நீலக் கரைச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொசுவம் வைக்க ஒரு கை போதவில்லை. சேலை சுற்றப்பட்டிருந்தது, கட்டப்பட்டிருக்கவில்லை. மடியில் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பை.

"எங்கே?" என்றேன். கேள்வி தேவையற்றது.

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். பதினாறு கட்டங்களின் மீதும் விரல் போய் வந்தது. எதன் மீதும் நிற்கவில்லை. கடைசியில் 'மிக்க நன்றி'.

நீதிமன்றத்துக்கு நேரமாகிவிட்டது. தனம் வந்து சேலையைக் களைந்து மடித்துவைத்ததாக மாலையில் கூறினாள். அவள் அதைக் கூறிய தொனி தேவையற்றது.

ஜூன் 13, வியாழன்

குடிநீர்க் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. தனம் போகும்போது, "அக்கா இன்னைக்கு ரொம்பச் சிரிச்சா மச்சான்," என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஹெப்சிபாவின் குடை எங்கள் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை விட்டுச் சென்றிருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை.

ஜூன் 19, புதன்

மாலை வீடு திரும்பியபோது செயலி திறக்கவில்லை. "இந்த ஆப்ஸ் உங்கள் சாதனத்துடன் இணங்கவில்லை" என்று ஒரு வரி. எழுத்துரு மாறியிருந்தது. முறைமை ஒரு படி மேலே போயிருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான் அணைத்த விசை அணைந்தே இருக்கிறது.

நாளை மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் விசாரணை.

உதவி எண்ணை அழைத்தேன். வெகுநேரம் இசை. பிறகு ஒரு பெண்.

"சார், ஆட்டோ அப்டேட் ஆஃப்ல இருந்தா அது தானா ஏறாது சார்."

"ஏறியிருக்கிறது."

"நோட்டிஃபிகேஷன் வரும் சார். இன்ஸ்டால்னு குடுத்து, பின் நம்பரும் போட்டாத்தான் ஏறும். வீட்ல யாராச்சும் குடுத்திருப்பாங்க."

"இந்த வீட்டில் 'யாராச்சும்' என்று எவரும் இல்லை."

"சின்னப் பசங்க யாராச்சும் சார்?"

"இல்லை."

"அப்ப... செக் பண்ணிப் பாருங்க சார். பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போக முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டாம் என்றேன். நட்சத்திரங்களில் மதிப்பிடச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது.

ஆக, அந்த விசை தன் கடமையைச் செய்திருக்கிறது. தானாக எதையும் செய்ய விடவில்லை. கேட்க வைத்திருக்கிறது. யாரிடம் கேட்டது என்பதுதான் கேள்வி. கடவு எண் எனக்கு மட்டுமே தெரியும். தினமும் காலையில் செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் அதைப் போட்டுத் திறந்து கொடுக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

அரைநாள் விடுப்பு எடுத்துத் தனத்தை விசாரித்தேன்.

"நேற்று பகலில் கைப்பேசியை நீ எடுத்தாயா?"

"எடுத்தேன். துடைச்சு வச்சேன். சாம்பார் பட்டிருந்துச்சு."

"எதையாவது அழுத்தினாயா?"

"நம்பர் எனக்குத் தெரியாது மச்சான். நீங்க என்னைக்கு எனக்குச் சொன்னீங்க?"

"வேறு யார் வந்தார்கள்?"

"இதென்ன கோர்ட்டா? கூண்டு மட்டுந்தான் இல்ல. ஏறி நிக்கவா?"

இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, அக்காளைப் பார்த்தாள். செண்பகம் தலையணை உறைக்குள் இடக்கையால் தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தாள். வெகு கவனமாக.

செயலியை மீட்க மாலைவரை முயன்றேன். கடைத்தெருவில் ஒருவன், "புது ஃபோனே வாங்கிருங்க சார்," என்றான். அவனிடம் நான் கேட்டது அதுவல்ல.

நாளைக்கு வாக்கியம் இல்லை. நானே சொல்லிவிடலாம். அதிகாரி படித்தவராக இருந்தால் புரிந்துகொள்வார்.

ஜூன் 21, வெள்ளி

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

ஆட்டோவில் போனோம். தனம் தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். ஆனால் வளாகத்துக்குள் நுழைந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். அதிகாரி ஒரு பெண். என்னைவிட இருபது வயதாவது குறைவு. செண்பகத்தைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அவள் உட்காரும்வரை நின்றார். இதைக் குறிப்பிடுவது நேர்மைக்காக.

"அம்மா, நீங்க வேலைய விட்டு விலகுறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

நான் தொடங்கினேன். பேச்சு இழப்பின் தன்மை, செயலி, கேட்காமல் மென்பொருளை மாற்றும் நிறுவனங்களின் பொறுப்பின்மை ஆகியவற்றைச் சுருக்கமாக விளக்கி, "ஆகவே அவளுடைய சம்மதத்தை நான் தெரிவிக்கிறேன்," என்று முடித்தேன்.

"நீங்க சொல்றது வேணாம் சார். அவங்க சொல்லட்டும்."

"நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். பிறர் கூற்றைப் பிறழாமல் எடுத்துரைப்பது என் தொழில்."

"இங்க நீங்க அவங்க வீட்டுக்காரர் சார்."

அறையில் இன்னொரு மேசையில் இருந்த எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். செண்பகம் பைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்தாள். கடவு எண்ணைப் போட்டாள். தயக்கமில்லாமல், கட்டைவிரலால். திரையை ஒரு பக்கம் தள்ளினாள். அங்கே நான் பார்த்திராத ஒரு செயலி. நிறையப் படங்கள். பள்ளியின் வாசல், சோற்று அண்டா, யாரோ ஒரு பெண், கண்ணாடித் தம்ளர். அண்டாவின் மீது விரலை வைத்தாள்.

"நான் வேலைய விடலங்க. கைதான் ஒண்ணு போச்சு. கண்ணு இருக்கு, கணக்கு இருக்கு. சமைக்க ரெண்டு பேரு இருக்காங்க. நான் போய் நின்னாலே பிள்ளைக ஒழுங்காச் சாப்பிடும்."

ஒலி அளவு முழுதாக வைக்கப்பட்டிருந்தது. அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பதிவு செய்தது தனம் என்பது ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. அந்த ஒரு கணத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

அதிகாரி என்னிடம் கேட்காமல் நேராகச் செண்பகத்திடமே பேசினார். விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கிறார். மூன்று மாதம் பணியில் இருந்து பார்க்கலாம். முடியவில்லை என்று அவளே சொன்னால் அப்போது யோசிக்கலாம். "சரிங்களாம்மா?" செண்பகம் வேறொரு படத்தைத் தொட்டாள். "சரிங்க." பிறகு இன்னொன்று. "ரொம்ப நல்லாருப்பீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். எழுத்தரும். வெளியே வேப்பமரத்தடியில் தனம் எங்கள் முகங்களைப் பார்த்தாள். முதலில் அவள் பார்த்தது என் முகத்தை அல்ல.

ஜூன் 22, சனி

இன்று நான் எவரிடமும் பேசவில்லை. அது கவனிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஹெப்சிபா வந்து, போகையில் குடையை எடுத்துச் சென்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

காலை உணவுக்குப் பின் செண்பகத்தின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"புதுப்பிப்பை நிறுவியது நீதானா?"

தலையசைத்தாள். ஆம்.

"அறிவிப்பு வந்தபோது, என்ன நடக்கும் என்று தெரிந்தே அழுத்தினாயா?"

ஆம்.

"பழைய செயலி நின்றுவிடும் என்று தெரிந்தே?"

இதற்கு அவள் தலையசைக்கவில்லை. பதில் வெளிப்படை என்பதால் இருக்கலாம்.

"அந்தப் பதினாறையும் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லும் இயந்திரத்தின் வாயில் சரியாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே."

இந்த வாக்கியத்தை நான் நிதானமாகத்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவள் கைப்பேசியை மடியில் வைத்துப் பக்கங்களைத் தள்ளினாள். தேடிக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடித் தம்ளர் படம்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இது முன்பே பதிவு செய்யப்பட்டது. எனக்காகவே பதிவு செய்யப்பட்டது. நான் என்ன சொல்வேன் என்று அறிந்து, அதற்கான பதிலைத் தங்கையின் வாயில் சொல்ல வைத்து, பத்திரப்படுத்தி, நான் வந்து அதைச் சொல்லும்வரை காத்திருந்திருக்கிறாள். சாட்சியைத் தயார் செய்வது என்று இதற்குப் பெயர். சட்டப்படி ஆட்சேபிக்கத்தக்கது.

தண்ணீர் வந்தது. பிடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 26, புதன்

செண்பகம் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். கடவு எண்ணை அவள் மாற்றவில்லை.

நாற்பதுக்கும் மேல் கட்டங்கள். எல்லாவற்றிலும் தனத்தின் குரல். சிலவற்றின் பதிவுத் தேதி ஜூன் 13, ஆக ஹெப்சிபாவின் குடை சனிக்கிழமை விடுபட்டதல்ல. "வேணாம்" தனிக் கட்டம். "வேணாம்னா வேணாம்" இன்னொன்று. "உப்புப் பத்தல." "ஃபேன கொறைங்க, குளுருது." "ஏய், வரிசையில நில்லுங்கடா." "அந்தச் சேனல மாத்தாதீங்க." "இவரு இப்படித்தான், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க." இந்தக் கடைசிக் கட்டத்தை எந்தச் சந்தர்ப்பங்களில் பயன்படுத்த உத்தேசித்திருக்கிறாள் என்பது தெளிவில்லை.

முதல் வரிசையில், முதல் கட்டத்தில், என் படம். பனியனோடு செய்தித்தாள் படிக்கையில் எனக்குத் தெரியாமல் எடுத்தது. வாய் சற்றுத் திறந்திருக்கிறது. அழுத்தினேன். ஒலி வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மற்ற கட்டங்கள் எல்லாம் பேசுகின்றன. அது மட்டும் ஊமை.

என்னைக் கூப்பிட வேண்டிய தேவை எழாது என்று கருதியிருக்கலாம். நியாயமே.

ஜூன் 29, சனி

துணி உலர்த்திவிட்டு மாடியிலிருந்து இறங்கும்போது கூடத்தில் பேச்சு கேட்டது. படியிலேயே நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது, வீடு என்னுடையது.

ஹெப்சிபாவின் குரல்: "இந்த ஒண்ணுதான் தனம்மா பாக்கி. ரெண்டெழுத்து மாதிரிதானே, சொல்லிருங்க."

தனம்: "எத்தன தடவ சொல்றது? இத மட்டும் என்னால முடியாது."

"ஏன்?"

"அவரு எனக்கு மச்சான். அவரப் போயி நான் 'ஏங்க'ன்னு கூப்பிடுவேனா? ரோட்டுல போறவரக் கூப்பிடலாம். இவர அப்படிக் கூப்பிட்டா, அது பொண்டாட்டி கூப்பிடுறது. என் வாயில வரவே வராது."

"அப்ப 'மச்சான்'னே வச்சிருவோமா?"

"நல்லாருக்கே. அக்கா தன் புருஷன மச்சாம்பா. எங்கம்மா கேட்டா சுடுகாட்டுலருந்து எந்திரிச்சு வந்துரும்."

சிரித்தார்கள். செண்பகத்தின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. அதற்குப் பக்கவாதம் வரவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடலாம்ல? எங்க ஊர்ல இப்ப எல்லாரும் கூப்பிடுறாங்க."

சிரிப்பு நின்றது. பிறகு ஒரு தம்ளர் மேசையில் வைக்கப்படும் ஓசை. அது செண்பகத்தின் 'வேணாம்'. எட்டு மாதங்களாக அந்த ஓசையை நான் கைநடுக்கம் என்று எண்ணியிருக்கிறேன். ஹெப்சிபா மெதுவாகச் சொன்னாள்:

"சரிம்மா. அப்ப அத நீங்கதான் சொல்லணும். மூச்ச இழுங்க. 'ஏ'ன்னு மட்டும் வரட்டும்."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. நான் மாடிக்குத் திரும்பி, உலர்ந்திராத துணிகளை எடுத்து மடித்தேன்.

ஜூலை 1, திங்கள்

செண்பகம் பணிக்குத் திரும்பினாள். தனம் வந்து கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். ஆட்டோவில் நான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகவில்லை. மதியச் சாப்பாட்டு மணி வரை கேட்டுக்கு வெளியே நின்றபோது, "ஏய், வரிசையில நில்லுங்கடா" என்ற குரல் முழு அளவில் கேட்டது. தொடர்ந்து பெருஞ்சிரிப்பு. கேலியா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். பிறகு தட்டுகளின் ஓசை மட்டும், வரிசையாக.

நீதிமன்றத்துக்குத் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டார்கள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 4, வியாழன்

மீண்டும் ஒரு புதுப்பிப்பு அறிவிப்பு. 'இப்போதே நிறுவு', 'பிறகு'. சாப்பாட்டு மேசையில் கைப்பேசி என் பக்கம் கிடந்தது. இதை ஏற்றினால் பதிவு செய்த குரல்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எவருக்கும் தெரியாது, அதை உருவாக்கியவர்கள் உட்பட.

விரல் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். கைப்பேசியை அவள் பக்கம் தள்ளி, "கேட்கிறது," என்றேன்.

செண்பகம் படித்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுக் கீரையைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த விசை இன்னும் அணைந்தே இருக்கிறது. நான் அணைத்ததை அவள் திரும்பப் போடவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மாலை தண்ணீர் வந்தது. கீழே குழாயடியில் இரண்டாவது குடத்தை வைத்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஓசை. பூனை என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே ஓசை, அதே நீளத்தில், அதே இடத்தில் உடைந்து. பதிவு செய்யப்பட்ட ஒன்றுதான் அவ்வாறு மாறாமல் திரும்ப ஒலிக்கும்.

தனத்தின் குரல் அல்ல.

உச்சரிப்பு பிழையானது. 'ஏ' மூச்சுத் திணறலோடு தொடங்குகிறது. நடுவில் நெடுநேரம் நின்று, கடைசி எழுத்து பாதியில் அறுந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் இதை எழுத நேர்ந்தால் 'தெளிவற்றது' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.

மூன்றாம் முறை ஒலித்தது. அது முந்தைய இரண்டையும் போல இல்லை. சற்று நீளம், சற்று எரிச்சல். கைப்பேசியிலிருந்து வந்ததா என்று கீழே நின்றபடி உறுதியாகச் சொல்ல இயலாது.

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடவில்லை.

போனேன்.